சொட்டும் குழாயும் நனையும் சீனி மூட்டையும்

எலி தின்றது, வண்டு விழுந்தது, எடை குறைந்தது என்று மூன்று வகை நஷ்டங்களுக்கு நம் கடைகளில் கணக்கு வைத்திருப்போம். தண்ணீரில் போன நஷ்டத்துக்குக் கணக்கு வைத்திருக்கும் வணிகர் குறைவு. நானும் வைத்திருக்கவில்லை, ஒரு ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை காலையில் சரக்கு அறையைத் திறக்கும் வரை.

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் எங்கள் மளிகைக்கடை இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் சரக்கு அறை, மேலே வீடு. குற்றாலத்தில் சீசன் தொடங்கி விட்டால் எங்கள் பக்கமும் வானம் மூடியே கிடக்கும். சுவரில் ஈரம் தெரிந்தால் "சாரல்தானே" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். நான்கைந்து நாட்களாகச் சரக்கு அறையின் ஒரு மூலையில் தெரிந்த ஈரத்தையும் அப்படித்தான் விட்டு வைத்தேன். திங்களன்று பார்த்தால் மூன்று மூட்டைச் சீனி அடியில் பாகாக ஒழுகிக் கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த ரவை மூட்டை கட்டி தட்டிப் போயிருந்தது. அதற்கும் அடுத்திருந்த வெல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் சாரல் அல்ல. மேலே வீட்டு வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள ஆங்கிள் காக்கை முந்தைய வாரம்தான் மாற்றியிருந்தோம். சீசன் நேரத்தில் எங்கள் பக்கத்துப் பிளம்பர்கள் பெரும்பாலும் குற்றாலத்து விடுதிகளில் வேலையாக இருப்பார்கள். வீட்டுக்காரன் கூப்பிட்டால் "அடுத்த வாரம் அண்ணாச்சி" என்பதே பதில். எனவே நானே மாற்றினேன். சுற்றிய டேப் என் கடையில் விற்கிற டேப்தான். இதுநாள் வரை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்தது.

மறுநாள் வந்த பிளம்பர் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டேப்பு நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க அண்ணாச்சி. சுத்தக்கூடாத எடத்துல சுத்திட்டீங்க."

டேப்பில் சுற்ற வேண்டிய இடம், சுற்றக் கூடாத இடம் என்று உண்டா? இத்தனை வருடம் அதை விற்ற எனக்கே தெரியாது. அன்று அவர் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்து கொண்டதும் நம் வணிகச் சகோதரர்களுக்கும் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே அளவு, இரண்டு வேலை

ஆங்கிள் காக் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுவருக்குள் போகும் பக்கம் ஒரு மரை. கனெக்‌ஷன் டியூப் மாட்டும் பக்கம் இன்னொரு மரை. இரண்டும் அரை அங்குலம். பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் தண்ணீரைத் தடுக்கும் முறை இரண்டிலும் வேறு வேறு.

சுவர்ப் பக்கத்தில் தண்ணீரைத் தடுக்க வேண்டியது மரையேதான். மரையும் மரையும் எவ்வளவு இறுகினாலும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே நூலிழை போல் ஒரு சுருள் வழி இருந்தே தீரும். அந்த வழியை அடைக்கத்தான் டேப், சணல் போன்றவை.

டியூப் பக்கத்தில் மரைக்கு அந்த வேலையே கிடையாது. நட்டுக்குள் ஒரு ரப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கிறது. நட்டை முறுக்கினால் வாஷர் காக்கின் வாய் விளிம்பில் போய் அழுந்தும். தண்ணீரைத் தடுப்பது அந்த வாஷர். மரை அதை இழுத்துப் பிடிக்கும் வெறும் கைதான். அங்கே டேப் சுற்றினால் என்ன ஆகும்? நட்டு பாதி வழியிலேயே இறுக்கம் காட்டும். "இறுகி விட்டது" என்று நாம் ஸ்பேனரைக் கீழே வைத்து விடுவோம். உள்ளே வாஷர் சரியாக அழுந்தியே இருக்காது. என் வீட்டில் நடந்தது இதுதான். போதாக்குறைக்குப் பழைய டியூபையே திரும்ப மாட்டியிருந்தேன். அதன் வாஷர் கல்லாக இறுகிப் போயிருந்தது. புது வாஷர் போட்டு, டேப்பை உரித்து எறிந்து, கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தார் தம்பி. ஒழுகல் நின்றது.

நட்டை முறுக்கி ஒரு வளையத்தை அழுத்தித் தண்ணீரைத் தடுக்கும் இந்த முறைக்குக் கம்ப்ரஷன் மூட்டு என்று பெயர். செம்புக் குழாய்களில் வாஷருக்குப் பதில் மெல்லிய பித்தளை வளையம் இருக்கும். நட்டு இறுகும் போது அந்த வளையமே நசுங்கிக் குழாயைக் கவ்விக் கொள்ளும். ஒருமுறை நசுங்கிய வளையம் நசுங்கியதுதான். கழற்றி மாட்டினால் புது வளையம் போடுவதே நல்லது.

தோட்டங்களில் மோட்டாரிலிருந்து வரும் கருப்புக் குழாய்க்குப் பெரிய பிளாஸ்டிக் நட்டுடன் ஒரு ஃபிட்டிங் வருகிறதே, அதுவும் இதே இனம்தான். உள்ளே பல் வைத்த வளையம் குழாயைப் பிடித்துக் கொள்கிறது. ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, பல கிராமங்களில் வீட்டு இணைப்புகளில் இந்த ஃபிட்டிங் வாசல் வரை வந்துவிட்டது. இதில் ஒரு முனை கருப்புக் குழாய்க்கு. மறுமுனையில் பெரும்பாலும் வெளிமரை. மரை முனைக்கு டேப் வேண்டும், நட்டு முனைக்குக் கூடாது. ஒரே பொருளில் இரண்டு சட்டம்! குழாய் முனையைச் சாய்வாக அறுத்தாலும், பிசிறை எடுக்காமல் சொருகினாலும் ரப்பர் வளையம் கிழிந்து விடும். பிறகு எத்தனை டேப் சுற்றியும் பயனில்லை.

மாகாணிக் கணக்கு

மரை விஷயத்தில் நமக்குப் பிடித்தமான ஒரு கணக்கு இருக்கிறது. இரும்புக் குழாயின் முனையில் வெட்டும் மரை நேராக இருப்பதில்லை. கூம்பு போல ஒடுங்கிக் கொண்டே போகும். ஓர் அங்குல நீளத்துக்கு விட்டம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு குறையும். நம் முன்னோர் வாய்ப்பாட்டில் சொன்னால் மாகாணி. இந்தச் சரிவு இருப்பதால்தான் முறுக்க முறுக்க ஆப்பு அடித்தது போல இறுகுகிறது. 1841-ல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 55 டிகிரிக் கோணத்தில் மரைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். நம் நாட்டுக் குழாய் மரையும் அந்த வழியில் வந்ததே. அரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 14 புரி. அமெரிக்க மரையும் அரை அங்குலத்துக்கு 14 புரிதான். ஆனால் கோணம் 60 டிகிரி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த ஷவர் முதல் இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு மக்கர் செய்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முறுக்குவதில் பலம் காட்ட வேண்டியதில்லை. மாடித் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே இறங்கினால்தான் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வருகிறது. ஒரு மாடி வீட்டில் கீழ்த்தளக் குழாய்க்கு முக்கால் கிலோ கூட வராது. சைக்கிள் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் இதைப்போலச் சில மடங்கு. ஆனாலும் நம்மவர்கள் லாரிச் சக்கரத்தைக் கழற்றுவது போல ஸ்பேனரில் தொங்குகிறார்கள். பி.வி.சி. உள்மரையில் இரும்பு நிப்பிளை அப்படி ஏற்றினால் மயிரிழை வெடிப்பு விழும். அன்று தெரியாது. பூச்சு பூசி, டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு தெரியும்!

காலியில்லாத காலி சிலிண்டர்

டேப் வருவதற்கு முன் சணல்தான். சணல் இழையைச் சுற்றி, மேலே வெள்ளை ஈயமோ செந்நிற ஈயமோ கலந்த பசையைப் பூசி முறுக்குவார்கள். சணல் நனைந்ததும் ஊதி வழியை அடைத்து விடும். நல்ல முறைதான், தேர்ந்த கைகளில் பல்லாண்டு நிற்கும். கோணம் சரி பார்க்கச் சற்றுப் பின்னால் திருப்பினாலும் பொறுத்துக் கொள்ளும். ஆனால் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் சணல் காய்ந்து சுருங்கும். சீசனுக்கு மட்டும் திறக்கும் வீடுகளில் முதல் நாள் தண்ணீர் விட்டதும் பழைய இரும்புக் குழாய் மூட்டுகள் கசிந்தால் வியப்படைய வேண்டாம்.

ஈயப் பசைதான் ஆகாது. பிளம்பர் என்ற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் 'பிளம்பம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் குழாயே ஈயத்தில்தான். குழந்தைகளுக்கு ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பி.வி.சி. குழாய்களில் ஈயம் சேர்ப்பதைத் தடுக்க 2021-ல் மத்திய அரசும் விதிகள் கொண்டு வந்தது. எனவே பழைய கையிருப்பில் பெயர் அழிந்த ஈயப் பசை டப்பா ஏதும் பரணில் கிடந்தால், குடிநீர்க் குழாய்க்கென்று கேட்பவருக்கு அதை எடுத்துக் கொடுக்காதீர்கள். எண்ணெய்ப் பசைகளும் பெயிண்டும் பிளாஸ்டிக் மரைக்கு ஆகாதவை. சில வகைப் பிளாஸ்டிக்கில், குறிப்பாகச் சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி.யில், வெடிப்பை உண்டாக்கும்.

இனி டேப். 'டெஃப்ளான்' என்று நாம் சொல்லும் பொருள் பிறந்த கதையில் ஒரு தராசு வருகிறது; அதனால் சொல்லாமல் விட மனமில்லை. 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலாளர் ராய் பிளங்கெட் குளிர்சாதனத்துக்கான ஒரு வாயுவை ஆராய்ந்து கொண்டிருந்தார். சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. காலி என்று தூக்கிப் போட்டிருக்கலாம். நிறுத்துப் பார்த்தால் எடை குறையவில்லை! அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள். எதிலும் ஒட்டாது, மக்காது, பெரும்பாலான அமிலங்களுக்கு அசையாது. எடை சரியில்லை என்றால் மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் நம் பழக்கம் அந்த ஆய்வுக்கூடத்திலும் இருந்திருக்கிறது.

எதிலும் ஒட்டாத பொருள் எப்படி அடைக்கிறது என்று தம்பியிடம் கேட்டேன். டேப் பசை அல்ல. மரைகளுக்கு நடுவே நசுங்கி இடத்தை நிரப்புகிறது, வழுக்கிக் கொடுப்பதால் இன்னும் ஓரிரு புரி உள்ளே ஏறவும் விடுகிறது, அவ்வளவுதான் என்றார்.

சுற்றும் விதம் முக்கியம். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக் கொண்டு, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும் போது டேப் உருண்டு திரண்டு வெளியே வந்து விடும். முதல் புரியை விட்டுவிட்டு ஆரம்பித்தால் துணுக்குகள் குழாய்க்குள் போகாது. போனால் ஷவர் கண்ணையும் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினையும் அடைக்கும். டேப்பை இழுத்துப் பிடித்து, மரையின் வடிவம் மேலே தெரியும்படி, பாதிக்குப் பாதி ஏறி வருமாறு சுற்ற வேண்டும். பித்தளை, இரும்புக்கு எட்டுச் சுற்று. மரை தளர்வாக இருந்தால் பன்னிரண்டு வரை. பிளாஸ்டிக் வெளிமரைக்கு நாலைந்து போதும். முறுக்கிய பிறகு "கொஞ்சம் அதிகமாகி விட்டதே" என்று பின்னால் திருப்பக் கூடாது. திருப்பினால் டேப் கிழியும். கழற்றிப் புதிதாகச் சுற்றுவது ஒன்றுதான் வழி.

கல்லாவில் இருந்து கேட்க வேண்டியது

சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் சுருள் 12 மில்லிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். அரை அங்குல மரையின் வெளி விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 66 மில்லிமீட்டர் பிடிக்கும். எட்டுச் சுற்றுக்கு அரை மீட்டரும் சொச்சமும். ஆக ஒரு சுருளில் பதினெட்டு மூட்டு போடலாம். இருபது ரூபாய்ச் சுருளாக இருந்தால் மூட்டுக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான் செலவு. மலிவுச் சுருள் வாங்கி இதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

நான் சும்மா இருக்காமல் கடையில் இருந்த நாலு வகைச் சுருள்களைத் துணி அளக்கும் மீட்டர் குச்சியில் அளந்து பார்த்தேன். பத்து மீட்டர் என்று அச்சிட்ட ஒன்றில் ஆறரை மீட்டர்தான் இருந்தது. கொள்முதல் செய்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்து விட்டேன். 2011-ன் பொட்டலப் பொருள் விதிகள் அரிசிப் பைக்கு மட்டும் அல்ல, டேப் சுருளுக்கும் உண்டு. நீளம், விலை, தயாரித்தவர் பெயர், மாதம், வருடம் அச்சாகாத சுருளை வாங்கி மாட்டினால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

இப்போது யாராவது வந்து டேப் கேட்டால், எங்கே ஒழுகுகிறது என்று ஒரு கேள்வி கேட்கிறேன். பாதிப் பேர் "குழாய் வாயில் சொட்டுகிறது" என்கிறார்கள். அதற்கும் டேப்புக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். சுவரோடு சேரும் இடம் என்றால் டேப். டியூப் நட்டு என்றால் ரப்பர் வாஷர், அல்லது புது டியூப். கருப்புக் குழாய் நட்டு என்றால் என்னிடம் ஒன்றுமில்லை. வளையம் அளவுக்கு அளவு மாறும். கழற்றி எடுத்துக் கொண்டு தென்காசியில் ஹார்டுவேர் கடைக்குப் போகச் சொல்லி விடுகிறேன். அவர் வியாபாரத்தை அவர் பார்க்கட்டும்.

"கேஸ் அடுப்புக்கு" என்று யாராவது கேட்டால் மட்டும் டேப்பை எடுக்கவே மாட்டேன். ரெகுலேட்டர் முனையில் ரப்பர் குழாய் ஏறும் இடத்தில் மரையே கிடையாது. அங்கே டேப் சுற்றினால் குழாய் சரியாக ஏறாது. வாசனை வந்தால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் 1906 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எரிவாயுக் குழாய்க்கென்று தடித்த மஞ்சள் டேப் தனியாக உண்டு. அதுவும் அந்த வேலை தெரிந்தவர் கையில்தான் இருக்க வேண்டும். டீக்கடைக்காரர் ஒருவர் இதற்காக என்னிடம் கோபித்துக் கொண்டு போனார். போகட்டும்.

நம் கடை அளவுக்கு டேப், அரை அங்குல ரப்பர் வாஷர், பதினெட்டு அங்குல டியூப் சில, அவசரத்துக்குச் சுவர்க் குழாயை அடைக்க அரை அங்குல எண்ட் பிளக் நாலு, இவை போதும். ஒரு பிஸ்கட் டின் இடம் கூடப் பிடிக்காது.

சரக்கு அறைக்கு மேல் குழாய் போனால்

மேலே வீடும் கீழே கடையுமாக இருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக் கொள்வோம். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு; நாள் ஒன்றுக்கு 86,400 சொட்டு; நாலே கால் லிட்டர் தாண்டும். காதுக்குச் சத்தம் கேட்காது. ஆனால் 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஐந்து லிட்டர். இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியின் உட்புறம் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். விடியற்காலையில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் எங்கோ சொட்டுகிறது. இறங்கவே இல்லை என்றால் குழாய் மீது குற்றமில்லை. சுவர் ஈரத்துக்குச் சாரலைத் திட்டிக் கொள்ளலாம்.

எந்த மூட்டு என்று கண்டுபிடிக்கப் பொட்டலம் மடிக்கும் காகிதமே போதும். மூட்டைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, காகிதத் துண்டை அதன் அடியில் சுற்றி அரை மணி விட்டுப் பார்த்தால் நனைந்த இடம் காட்டிக் கொடுத்து விடும். மேலிருந்து வழிந்து கீழ் மூட்டில் சொட்டுவதும் உண்டு; ஆகவே உயரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சீனி மூட்டைகளை இப்போது வேறு சுவர்ப்பக்கம், பலகைமேல் மாற்றி அடுக்கியிருக்கிறேன். வாஷ்பேசினுக்கு நேர் கீழே உப்பு கூட வைப்பதில்லை, காலி டின்கள்தான்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன் கல்லா முன் நின்றான்.

"அண்ணாச்சி, வெள்ளை டேப்பு ஒண்ணு குடுங்க. அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"எங்கடே ஒழுகுது? செவுத்துப் பக்கமா, டியூப்புப் பக்கமா?"

தெரியாது என்றான். போய்ப் பார்த்து வரச் சொன்னேன். ஓடிப்போய் வந்து, "டியூப்பு நட்டுலதான் அண்ணாச்சி" என்றான். வாஷர் இரண்டைப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தேன். ஒன்று போட, ஒன்று தொலைக்க.